பெறுபவர் பெயர்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நானும் நலம், இயந்திரங்களும் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அங்கே வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் வங்கியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பணமெல்லாம் இனிமேல் புதிய முறையில்தான் வருமாம். செப்டம்பர் பிறந்துவிட்டால் பழைய முறையில் வருவதைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். இரண்டு முறை படித்தேன். எழுதியவருக்காவது புரிந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது. மேலாளரிடமே போய்க் கேட்டேன். "ரொம்ப சிம்பிள்மா, எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பாத்துக்கும்" என்றார். "அப்போ நீங்க எதுக்கு சார் இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் அங்கே உங்கள் வங்கியில் இதே வேலையைத்தான் பார்க்கிறீர்கள், கம்பெனி கம்பெனியாகப் போய்ப் புதிய முறைக்கு மாற்றிவிடுகிறீர்கள் என்று சம்பந்தியம்மா சொன்னார். நாங்கள் செய்கிற ஆஸ்பத்திரிக் கட்டில் சக்கரங்களில் பாதிக்கு மேல் கப்பலேறுகிறது. வாங்குவது மூன்று கட்டில் கம்பெனிகள். மூன்றில் பெரியது நீங்கள் இருக்கும் ஊரிலேயே இருக்கிறது. ஒரு மாதம் பணம் தடைப்பட்டால் இங்கே முப்பது வீட்டில் அடுப்பு யோசிக்கும்.

போனில் கேட்கலாம்தான். ரப்பர் பிரஸ் ஓடுகிற சத்தத்தில் பாதி காதில் விழாது. எழுத்தில் இருந்தால் ஃபைலில் போட்டு வைக்கலாம். கற்றுக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. புரியாதபடி சொல்கிறவர்களிடம்தான் பொறுமை கிடையாது. ஆகவே புரியும்படி எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அத்தை


மார்ச் 21

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. "எல்லோரும் சுகமா" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இருவரும் சுகம். முழங்காலுக்கு மருந்து மட்டும் போதாது, மாடிக்குப் போவதையும் குறைக்க வேண்டும்.

அந்த மேலாளர் என் அலுவலகத்திலும் இருக்கிறார், ஆள்தான் வேறு. நான் சொல்லிப் பார்க்கிறேன். பழைய முறையில் யாருக்குப் பணம், எந்தத் தெரு, எந்த ஊர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினார்கள். வழியில் இருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் யாராவது ஒருவர் மூட்டையைப் பிரித்து, இது பெயராக இருக்கும், இது ஊராக இருக்கும் என்று ஊகித்துத் தள்ளிவிட்டார். புதிய முறையில் பெயருக்கு ஒரு கட்டம், தெருவுக்கு ஒன்று, கதவு எண்ணுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. படிப்பது இயந்திரம். அதற்கு ஊகிக்கத் தெரியாது. எல்லாம் சரியாக இருந்தால் பணம் நிமிஷங்களில் வந்து சேரும், எந்த வங்கியில் நிற்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கட்டம் பிசகினால் வந்த வழியே போய்விடும்.

நேற்று ஒரு பூ இறக்குமதியாளரிடம் போயிருந்தேன். பூக்களுக்கான குளிரறையில்தான் அவருடைய ஆபீஸே. மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, விரல் மரத்துப்போய், அவருடைய விற்பனையாளர்கள் அத்தனை பேரின் முகவரியையும் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். அதையேதான் நீங்களும் செய்ய வேண்டும். வாங்குகிறவர்களின் முகவரி, நம் முகவரி, இரண்டையும்.

கணக்கரிடம் கொடுத்தால் "ஆகட்டும்மா" என்பார். அதை "ஆகாது" என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். வாங்குகிற மூன்றில் மலைநாட்டுக் கட்டில் கம்பெனிக்கு ஆபீஸ் ஒரு தெரு, கோடவுன் இன்னொரு தெரு. நம்மிடம் இருப்பது கோடவுன் முகவரி. மாற்ற வேண்டும்.

சந்தேகம் எதுவானாலும் தயங்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் சௌக்கியம். உங்கள் இருவரின் சௌக்கியமும் தெரிந்து நிம்மதி.

நீங்கள் சொன்னபடியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கணக்கர் "ஆகட்டும்மா" என்றார். "ஆகட்டும் இல்ல, ஆகுது" என்று சொல்லி விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினேன். மூன்று பகல் ஆயிற்று. மலைநாட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டதில், கோடவுன் முகவரிதான் நம்மிடம் இருந்தது என்பது உண்மையே. நம் முகவரி அதைவிட வேடிக்கை. "சோப்புக் கம்பெனிக்கு எதிரில்" என்று இத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். சோப்புக் கம்பெனி மூடி, அங்கே மரம் வளர்ந்து, அதில் காக்கை கூடும் கட்டிவிட்டது.

ஒரு சந்தேகம், மாப்பிள்ளை. நீங்கள் நம் தொழிலகத்துக்குள் வந்தது ஒரே ஒரு முறை. அன்றைக்குக் கணக்கர் விடுமுறை. அவர் "ஆகட்டும்மா" என்பார் என்று இத்தனை துல்லியமாக எப்படித் தெரிந்தது? மலைநாட்டுக் கோடவுன் வேறு. வங்கி வேலைக்குப் போனால் பார்க்காத மனிதர்களையும் எடை போடும் வித்தை வந்துவிடும் போலிருக்கிறது. பாராட்டுகிறேன்.

இந்த மாதிரி விவரங்களை உட்கார்ந்து எழுதினால் தலை வலிக்கும். வலி இடது புருவத்துக்கு மேல் ஆரம்பித்தால் அது கண்ணாடியின் கோளாறு. நம்பர் பார்த்துக்கொள்வது நல்லது. தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடன்,
அத்தை


ஏப்ரல் 26

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

இங்கே குளிர் விட்டுவிட்டது, இருவரும் நலம். உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

வித்தை ஒன்றுமில்லை அத்தை, எல்லாம் அனுபவம். நான் கண்ணாடி போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் போய் நம்பர் பார்த்தாயிற்று. கூடியிருக்கிறது. புதிதாக மாற்றியாயிற்று.

பெரிய கட்டில் கம்பெனி எங்கள் வங்கியின் வாடிக்கையாளர். அவர்களை மாற்றிவிடும் வேலை என் பங்குக்கு வந்திருக்கிறது. கொள்முதல் அதிகாரி ஓர் அம்மாள். எதைக் கொடுத்தாலும் பச்சை மையால் திருத்தித்தான் திருப்பித் தருவார். என் அடையாள அட்டையைக் கொடுத்தேன், அதிலும் ஓர் எழுத்தைத் திருத்தினார். அவர் அறையில் நம் சக்கரம் மாட்டிய கட்டில் ஒன்று கிடக்கிறது. ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். சுவர் வரைக்கும் சத்தமில்லாமல் போய் நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

நான் உங்கள் மாப்பிள்ளை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு தெரிந்தால் தப்பாகத் தோன்றும். "அப்படியா? அப்போ உங்க அத்தைகிட்ட ரெண்டு மடங்கு கறாரா இருப்பேன்" என்றார். ஒவ்வொரு விற்பனையாளருக்கும் ஒரு சிறு தொகையைப் புதிய முறையில் சோதனைக்கு அனுப்பப் போகிறார்கள். ஜூலை முடிவதற்குள் யாருக்கு அது போய்ச் சேரவில்லையோ அவர்களிடம் இனி வாங்குவதில்லை என்று முடிவு. உங்கள் முறை மே கடைசியில்.

உங்கள் விவரங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருக்கிறது.

மாப்பிள்ளை


மே 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமாக இருக்கிறேன், அதற்கும் மேல் சுறுசுறுப்பாக இருக்கிறேன். காரணம் கேளுங்கள்.

போன வாரம் மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கிற கம்பெனிக்காரர் அதே நான்கு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலாளர்தான் அனுப்பினாராம். "அந்தச் சக்கரக்கார அம்மாகிட்ட போங்க, அவங்க தெளிவா சொல்லுவாங்க" என்றாராம். சம்பளம் அவருக்கு, வேலை எனக்கு. பேக்கிங் பகுதியில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்காரவைத்து, பெயர், தெரு, கதவு எண், ஊர் என்று பிரித்துக் காட்டினேன். மறுநாள் அவர் குடைக்கைப்பிடி செய்கிறவரை அழைத்து வந்தார். குடைக்காரர் வீட்டுப் பெயரை ஊர் கட்டத்தில் போட்டுவிட்டு, "எங்க ஊரே அந்த வீட்டாலதாங்க தெரியும்" என்று வாதம் செய்தார். இதுவரை ஐந்து கம்பெனிகள் மாறியாயிற்று. ஆளுக்கொரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிவர வேண்டும் என்று கணக்கர் சட்டம் போட்டுவிட்டார்.

சோதனைப் பணத்தை அந்தப் பச்சை மை அம்மாள் தாராளமாக அனுப்பட்டும். நாங்கள் தயார்.

கண்ணாடி மாற்றியது நல்லது. கறுப்பு ஃப்ரேமாக இருந்தால் மாற்றச் சொல்லவும். முகம் சிறுத்துத் தெரியும்.

அத்தை


ஜூன் 2

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நலம் விசாரித்துவிட்டு நிதானமாகச் சொல்ல வேண்டிய செய்தி. ஆனால் நீங்கள் சுற்றி வளைப்பதை விரும்பமாட்டீர்கள். சோதனைப் பணம் திரும்பி வந்துவிட்டது.

முகவரியில் குறையில்லை. "பெறுபவர் பெயர் பொருந்தவில்லை" என்று குறிப்பு வந்தது. உங்கள் லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் இருப்பது "தாய் சக்கரங்கள்". வங்கிக் கணக்கில் இன்னமும் "தாய்–மகள் சக்கரங்கள்" என்றுதான் இருக்கிறது. இத்தனை நாள் உங்கள் ஊர் வங்கியில் யாரோ "நம்ம அம்மாதானே" என்று வரவு வைத்திருக்கிறார்கள். இயந்திரத்துக்கு உங்களைத் தெரியாது. இதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். லெட்டர்ஹெட் மாறியது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கணக்கின் பெயரை மாற்றுவது. அதற்குப் பங்குதாரர் இருவரும் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது பங்குதாரர் இங்கேதான் இருக்கிறார். காகிதம் வந்தால் கையெழுத்துப் போடுவாயா என்று கேட்டேன். "அனுப்பச் சொல்லுங்க. போட்டுத் தரேன்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து, காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுக்கப் பால்கனிக்குப் போனாள். துணிகள் அப்போதுதான் காயப் போட்டவை. ஈரத்தோடு எடுத்துக்கொண்டு வந்தாள்.

மற்ற வழி உங்களுக்கே தெரியும். நான் எழுதத் தேவையில்லை.

ஜூலை முடிய அவகாசம் இருக்கிறது. உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

மாப்பிள்ளை


ஜூன் 28

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? சென்ற கடிதத்துக்குப் பதிலைக் காணவில்லை. தபால் எங்கேயாவது தவறிவிட்டதா என்று இதை எழுதுகிறேன்.

நேற்றுப் பச்சை மை அம்மாள் பட்டியலைப் படித்தார். மிச்சமிருப்பது நான்கு விற்பனையாளர்கள். "உங்க அத்தைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை என்றேன்.

எங்கள் கட்டடத்துத் தபால் பெட்டி கீழ்த்தளத்தில் இருக்கிறது. வழக்கமாக வேலையிலிருந்து வரும்போது நான்தான் திறப்பேன். இப்போதெல்லாம் நான் வருவதற்குள் அது திறந்து பார்க்கப்பட்டிருக்கிறது. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

மாப்பிள்ளை


ஜூலை 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. தபால் தவறவில்லை, பதில்தான் தாமதம்.

ஏன் இங்கிருந்து கிளம்பினாள் என்று உங்களுக்குப் பாப்பா சொன்னது ஒரு பக்கம். என் பக்கத்தையும் கேளுங்கள். அவள் இங்கே என்னோடு தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெரிய கட்டில் கம்பெனி ஒரு பெரிய ஆர்டரோடு வந்தது. எப்போது தருவீர்கள் என்று கேட்டார்கள். பாப்பா ஐந்து வாரம் என்று சொல்லிவிட்டாள். ஐந்து வாரம் என்றால் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்று எனக்குப் பயம். நானே போன் போட்டு மூன்று வாரம் என்றேன். அனுப்பினோமா இல்லையா? அனுப்பினோம். எல்லோரும் ஞாயிறு விடுமுறையை விட்டு உழைத்தார்கள். பிரஸ் ஓட்டுகிறவர் கையைச் சுட்டுக்கொண்டார், ஆனாலும் அனுப்பினோம். கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டிவிட்டுப் பாப்பா என்னைப் பார்த்து, "இனிமே நாள் சொல்றதுக்கு நான் எதுக்கும்மா?" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டு, அங்கேயே முடிந்திருக்கும். அடுத்த வாரம் உங்களிடம் கிளம்பி வந்துவிட்டாள். நான் பெயிண்டரைக் கூப்பிட்டுப் பலகையிலிருந்து அவளை எடுக்கச் சொன்னேன். வங்கிக்குப் போய் எடுக்கவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள். நேரமில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே கணக்கின் பெயரை மாற்றும் காகிதத்தை வாங்கிவந்துவிட்டேன். என் கையெழுத்தையும் போட்டேன். கவரில் வைத்து ஒட்டுவதுதான் பாக்கி. கணக்கர் தினமும் வந்து, "தபாலுக்கு ஏதாவது இருக்காம்மா?" என்பார். நான் இல்லை என்பேன். போன வாரம் அவராகவே, "அப்போ பெயிண்டர வரச் சொல்லட்டுமா?" என்றார். ஆகட்டும் என்றேன். அன்றைக்கு மட்டும் அந்த மனுஷன் மின்னலாகப் போனார்.

பழைய பெயிண்டரேதான் வந்தார். ஏணியில் பாதி ஏறி நின்று, "நெஜமாத்தானாம்மா? அப்புறம் மறுபடி அழிக்கச் சொல்ல மாட்டீங்களே?" என்றார். "நான் அழிக்கச் சொன்னா நீ வராத" என்றேன்.

பலகை முன்போலவே "தாய்–மகள் சக்கரங்கள்" ஆயிற்று. பில்லும் லெட்டர்ஹெட்டும் புதிதாக அச்சடித்தாயிற்று. கணக்கர் அதைப் பச்சை மை அம்மாளுக்கு இன்றே மெயிலில் அனுப்பிவிட்டார். மேலாளரைக் கேட்டால், கணக்கின் பெயரை மாற்ற வெகு நாள் இழுக்கும் என்கிறார். பெயிண்டருக்கு ஒரு பகல் போதும். வங்கி வசதிக்காகத்தான் இப்படிச் செய்தது. அவளிடமும் அப்படியே சொல்லவும்.

அத்தை


ஆகஸ்ட் 6

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நலம் நலம் என்று இரண்டு தரம் எழுத வேண்டும் போலிருக்கிறது.

லெட்டர்ஹெட் கிடைத்த மறுநாளே பச்சை மை அம்மாள் என்னை வரச் சொன்னார். நான் பக்கத்தில் இருக்க, அவரே அனுப்பினார். தேநீர் கொண்டுவந்தார்கள். கோப்பையைக் கையில் எடுத்தேன், குடிக்கவில்லை. திரையில் ஒவ்வொரு வங்கியாகத் தாண்டிக்கொண்டே போனது. "பெறுபவர் பெயர் பொருந்தியது" என்று வந்தது. அடுத்த மூச்சில் உங்கள் கணக்கில் வரவு. "ரெண்டு மடங்கு கறாரா பாத்தேன், குறையில்ல" என்றார். நான் திருப்பி அனுப்பப்பட்ட எத்தனையோ பணத்தைச் சரி செய்திருக்கிறேன். இப்படித் தேநீரை ஆறவிட்டதில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் நீங்கள் சொன்னபடியே, வங்கி வசதிக்காக அத்தை பழைய பெயரைப் போட்டுவிட்டார் என்றேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு உங்கள் கடிதத்தைக் கேட்டாள். கொடுத்தேன். எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது, "பிரஸ்காரர் கை இப்ப எப்படி இருக்காம்?" என்று மட்டும் கேட்டாள்.

கணக்கர், கோடவுன் விஷயத்தில் எனக்கு இருந்த அனுபவம் எவ்வளவு என்று உங்களுக்கு அப்போதே தெரியும். இனி அந்த அனுபவம் தானாகவே உங்களுக்கு எழுதும் என்று நினைக்கிறேன்.

வணக்கத்துடன்,
மாப்பிள்ளை


ஆகஸ்ட் 27

அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் இருப்பாய், முழங்காலைத் தவிர. கண்ணாடி கறுப்பு ஃப்ரேம்தான். முகம் ஒன்றும் சிறுத்துத் தெரியவில்லை. பிரஸ்காரர் கையைப் பற்றி எழுது.

போன வாரம் கட்டில் கம்பெனிக்குப் போய்ப் பச்சை மை அம்மாளைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் மனைவியாகப் போகவில்லை, பலகையில் பெயருள்ளவளாகப் போனேன். புதிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு முழுக் கட்டில்களும் அவர்கள்தான் செய்கிறார்களாம். சக்கரம் மொத்தமும் நம்மிடம். ஒரு மாதத்தில் வேண்டும் என்றார். நம்மிடம் இருப்பது ஒரு பிரஸ். ரப்பர் ஆற வேண்டும், பேரிங் வர வேண்டும், பிரேக் மிதியை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஏழு வாரம் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ நாலு என்றிருப்பாய். அவருக்கு ஏழு பிடிக்கவில்லை. நிச்சயம் உனக்கு போன் பண்ணுவார். நீ என்ன சொல்வாய் என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. நான் அங்கே திரும்பி வரப்போவதில்லை, உன் மாப்பிள்ளையின் வேலை இங்கேதான். இங்கேயே ஓர் அறை எடுத்து, வெளிநாட்டு விற்பனை முழுவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அறைகூடப் பார்த்துவிட்டேன். தையல் கடைக்கு மேலே, ஜன்னல் பெரியது, சுவரெல்லாம் ஆணி. உனக்குச் சம்மதம் என்றால் முன்பணம் கொடுப்பேன்.

பாப்பா


செப்டம்பர் 16

அன்புள்ள பாப்பாவுக்கு,

பிரஸ்காரர் கை ஆறி, வடு மட்டும்தான் மிச்சம். நீ விசாரித்ததாகச் சொன்னேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அறையைப் பிடித்துவிடு. ஆணிகளைப் பிடுங்காதே, சாம்பிள் சக்கரங்களைத் தொங்கவிட உதவும்.

நீ சொன்னபடியே அந்த அம்மாள் போன் பண்ணினார். நம் பேச்சு தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். "உங்க மகள் ஏழு வாரம்னு சொல்றாங்க. நீங்க ஒரு தடவை மூணு வாரத்துல அனுப்பியிருக்கீங்களே? நாலு வாரத்துல முடியாதா?" என்று கேட்டார். பிரஸை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "அனுப்பினது வாஸ்தவம்தான். ஆனா நாள் சொல்றது எங்க பார்ட்னரோட பொறுப்பு. அவங்க ஏழுன்னு சொன்னா ஏழுதான். வேற ஏதாவது கேக்கணும்னா அவங்ககிட்டயே கேளுங்க" என்றேன். அந்தப் பக்கம் இருவரும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு சரி என்றார்.

போனை வைத்ததும் கணக்கர், "அம்மாவுக்கே நாள் குறிக்க ஆள் வந்தாச்சு!" என்று சொன்னார். தொழிலகம் முழுக்கச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ஆர்டரின் முன்பணம் நேற்று வந்து சேர்ந்தது. இன்று காலை ரப்பர் போட்டாயிற்று. மாப்பிள்ளைக்கு என் ஆசியைச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

வேலை தொடங்கிய வேகத்தைப் பார்த்தால் ஐந்து வாரத்திலேயே முடிந்துவிடும் என்று எனக்குப் படுகிறது. இங்கே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

உன் அம்மா